ஒச்சாயிக்குப் போட்ட கோடி

கல்லூரிப் படம் என்றால் நடிப்பவர்களும் இயக்குநரும்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு. சேலை, விளக்கு, வைக்கோல் பொம்மை, வீடு என்று அலைகிறவனை ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் கடைசிப் பருவப் பேய்ப்படத்துக்கு அந்த அலைச்சல் என் தலையில் விழுந்தது. பார்த்த வீடுகள் எல்லாம் கைநழுவி, கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளிப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு ஒன்று கடைசியில் கிடைத்தது. மறுநாள் படப்பிடிப்பு. இதுவும் போனால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

மத்தியானம் நானும் இயக்குநர் அழகுராஜாவும் போய்ச் சேர்ந்தோம். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் பழைய நெல்லும் கலந்த வாடை வந்தது. வெளியே அப்படி ஒரு வெயில். உள்ளே தரை குளிர்ந்து கிடந்தது.

முதல் காட்சி இழவு வீடு. செத்துப்போன தங்கைக்கு அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்துகிறான். அது விழாமல் எங்கள் பக்கம் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். பெஞ்சில் தெற்கே தலைவைத்துப் பொம்மையைக் கிடத்தினேன். தலைமாட்டில் விளக்கை ஏற்றினேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வாங்கிய பச்சைச் சேலையைப் பிரித்தேன்.

"ஸ்டிக்கரக் கிழிடா," என்றான் அழகுராஜா.

"நாளைக்குக் கிழிச்சுக்கிறலாம் மாப்ள. முடியல."

அண்ணனாக நடிக்கிறவன் மறுநாள்தான் வருவான். கேமரா கோணம் பார்க்க நானே அண்ணன் ஆனேன். வாசலிலிருந்து சேலையோடு நடந்துவந்து, "அண்ணன் வந்துருக்கேன்த்தா" என்று சொல்லிப் போர்த்த வேண்டும். அழகுராஜாவுக்குத் திருப்தியே வரவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று உயிரை வாங்கினான். கடைசியில் நடிக்கவும் தெம்பில்லை. நிஜமாகவே ஒரு சாவுக்கு வந்தவனைப் போல அலுத்துப்போய்ச் சொன்னேன்.

விளக்குச் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது.

"இதுதான் மாப்ள," என்றான் அவன்.

வாசலில் தங்கப்பொண்ணு அக்கா நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சேலை புதுசாப்பா?"

"ஆமாக்கா."

"இந்த வீட்டு ஒச்சாயி செத்தப்ப, நெலத் தகராறுல கூடப்பொறந்தவுக ஒருத்தரும் வரல. கோடி விழுகாமத்தான் தூக்குனாக." குரலை இறக்கிக்கொண்டார். "போட்டது போட்டபடி கெடக்கட்டும்யா. எடுக்காத."

இன்னொரு சேலைக்கு மறுபடி கடை ஏறி இறங்க என் காலில் வலு இல்லை. மறுநாள் காலைப் படப்பிடிப்பில் அண்ணன் கையில் இந்தச் சேலை வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல முந்தியைப் பிடித்து இழுத்தேன்.

சேலை வரவில்லை.

பொம்மைக்கு அடியில் மாட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். எதிலும் மாட்டியிருக்கவில்லை.

மறுபடி இழுத்ததும் சட்டென்று விட்டுக்கொடுத்தது. பைக்குள் திணித்தேன். புதுத்துணியின் கஞ்சி வாசம் போய், மஞ்சள் வாசம் அடித்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. பஸ் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

பரவையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"மெல்லப் பேசுடா. அந்தப் புள்ள தூங்குது."

"எந்தப் புள்ள?"

"அண்ணே வந்துட்டாகளான்னு கேட்டுக்கிட்டு வந்துச்சு. ஒங்கூடப் படிக்கிற புள்ள போலன்னு நெனச்சேன். அம்புட்டு அசதி அது மொகத்துல. ஒன் ரூம்ல படுத்துக்கச் சொன்னேன்."

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. என்னைவிடச் சின்னவர்கள்கூட எங்கள் வகுப்பில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பையைத் திறந்தேன். காலி.

போன் அடித்தது. அழகுராஜா. "மாப்ள, சேலை பத்திரமா இருக்குல்ல?"

என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இருட்டில் கட்டிலிலிருந்து பச்சை முந்தி தரை வரை தொங்கியது. அதன் ஓரத்தில் கடை ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது.

"இருக்கு," என்றேன்.

கையை உள்ளே நீட்டி ஸ்விட்சைப் போட்டேன். கட்டில் முனகியது.

"லைட்ட அமத்துங்கண்ணே," என்றது ஒரு குரல். "இப்பத்தான் கண்ண மூடுனேன்."