பாறையைச் சுற்றப் போன தம்பி

15-5-1979, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. ‘இருவரும் திரும்பினோம்’ என்று எழுதிவிட்டேன். சரிபார்க்காமல் எழுதியிருக்கக் கூடாது.

தருமன் பேனாவை மூடினான். கூடத்தில் தம்பி சகாதேவன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கடலையே பார்த்திராத தம்பியை, அவனுடைய மாலைநேர டைப்ரைட்டிங் வகுப்பின் பரீட்சை முடிந்ததும் தெற்கே கூட்டிப்போவதாகத் தருமன் சொல்லியிருந்தான். ஞாயிறு மதியம், பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து, சுண்ணாம்புப் பாறைச் சரிவின் வெடிப்பு வழியாக இறங்கினார்கள். கீழே ஆளில்லாத சிறு மணல்வெளி. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவராகப் பாறை. அன்றைக்குத்தான் வெள்ளையடித்த வீட்டுக்குள் நிற்பதுபோல் ஈரமான சுண்ணாம்பு வாசனை. அலை கண்ணெதிரே உடைந்தது, அதன் சத்தம் மட்டும் சற்றுத் தாமதித்து முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மணல் நடுவே வீட்டளவுக்கு ஒரு தனிப்பாறை.

“அண்ணா, நம்ம மலை மாதிரியே இருக்குது பாரு. ஒரு கிரிவலம் போயிட்டு வந்துட்றேன்.”

“செருப்பக் கழட்டிட்டுப் போடா, சாமி கோச்சுக்கப் போவுது.”

சகாதேவன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். ஊர் வழக்கப்படி பாறை வலப்பக்கம் இருக்க நடந்து, இடது ஓரத்தில் மறைந்தான். வலது ஓரத்தில் வெளியே வரவேண்டும். தருமன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம். ஐந்து. ஒன்பது.

இடது ஓரத்திலேயே வந்தான்.

“பாதியிலயே திரும்பிட்டியா?”

“முழுசா சுத்துனேன்.” செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து சகாதேவனின் குரல் கேட்டது. “அண்ணா, இன்னும் எவ்ளோ தூரம்?”

எதிரே நின்றவனின் உதடு அசையவில்லை.

தருமன் போய்ப் பார்க்கவில்லை. எதிரொலி என்று சொல்லிக்கொண்டான். பஸ் போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டான். சரிவில் ஏறும்வரை குரல் நெருங்கியது. விலகியது. நெருங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இன்று மாலை கிணற்றடியில் தம்பி சட்டையைக் கழற்றினான். சின்ன வயதில் இடது கையில் அம்மை குத்திய தழும்பு. அது வலது கையில் இருந்தது.

“இன்னாடா அவனையே பாக்கற?” என்றாள் கூடத்திலிருந்து அம்மா ஜோதியம்மாள். “அவனுக்குக் கொழம்பு ஜாஸ்தியா ஊத்திட்டேனா?”

“இல்லம்மா. நாளைக்கு மறுபடியும் அங்க போவணும். இவனும் வரட்டும்.”

“அவன் எதுக்கு? கடலப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து எதுத்து ஒரு பேச்சுப் பேசல. இப்படியே இருக்கட்டும் எம்புள்ள.”

தம்பி தலை நிமிரவில்லை. இடது கையால் சோற்றைப் பிசைந்தான்.

“ஒரு டிக்கெட் போதும்ண்ணா. நான் அம்மாகூட இருக்கேன்.”

அம்மா தண்ணீர்ச் சொம்பை அவனுக்கு வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தருமன் மறுபடி பேனாவைத் திறந்தான்.

நாளை: காலை ஐந்தரை பஸ். டிக்கெட் ஒன்று. வாசலில் கிடக்கும் சகாதேவனின் செருப்பை எடுத்துப்போக வேண்டும்.