முதுகு காட்டி ஒப்புவித்த பாடம்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பல்லின் மேல் ஆணையிட்டிருப்பேன். அவை எல்லாம் கடையில் கட்டியவை என்பதால் நல்லூர்க் கந்தன் மேல் ஆணையிடுகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

மை ஈரமாக இருந்தது. தேவராஜாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மகாயுத்தத்துக்கு முன்பே மூடப்பட்ட பள்ளிக்கூடம் அது. வாத்தியாரின் மேசை மேல், மை அரைப்பதற்கென்று நடுவில் குழித்த கறுப்புக் கல் ஒன்று கிடந்தது. அந்தக் குழிக்குள், யாரோ அப்போதுதான் அரைத்துவிட்டுக் கை கழுவப் போனதுபோல, மை பளபளத்தது. விரலை வைத்துப் பார்த்தார். நுனி கறுத்தது. முகர்ந்தால் புகைக்கரியும் கற்பூரமும் மணத்தன. கூரை ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு கைக்குட்டையில் துடைத்தார். நிமிர்ந்து பார்த்தார். கூரையில் ஈரம் இல்லை.

அவரை அங்கே அனுப்பியது அவருடைய மனைவி யோகராணி. தான் அனுப்பவில்லை என்றுதான் யோகராணி கடைசிவரை சொன்னார். ஆனாலும் காரணம் அவர்தான். எழுபத்தாறாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்த தேவராஜா, மெல்பேர்ண் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் வண்டில் தள்ளிக்கொண்டிருந்தார். இங்கத்தைய சோதனையில் பாஸ் பண்ணினால்தான் மறுபடி டொக்டர். ஏற்கனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். அடுத்த நாள் எழுதப்போவது கடைசி. அதிலும் தவறினால் காலம் முழுக்க வண்டில்தான்.

அன்றைக்குப் பார்த்துச் சரஸ்வதி பூசை வந்து நின்றது. யோகராணி குசினிக் கதிரையில் பட்டுத்துணி விரித்து, படம் வைத்து, வீட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தேவராஜாவின் தடித்த உடற்கூற்றுப் புத்தகத்தை வைத்துப் பூவும் சாத்திவிட்டார்.

"இண்டைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாதப்பா. நாளைக்கு எடுங்கோ."

"நாளைக்குச் சோதனை. எனக்குப் பதிலாச் சரஸ்வதி வந்து எழுதுவாவோ?"

"நீங்கள் சும்மா இருந்தா எழுதுவா."

தேவராஜா சும்மா இருக்கிற ஆள் இல்லை. யோகராணி அவல் குழைக்கத் திரும்பிய நேரம் புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பூவும் கூடவே போனது.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ணில் நூலகம் பூட்டு, கடை பூட்டு, மழைக்கு மட்டும்தான் வேலைநாள். வேலைக்குப் போகும்போது ட்ராமிலிருந்து ஒரு சந்துக்குள் பச்சை ஓட்டுக் கூரையொன்றை அவர் பார்த்ததுண்டு. தங்கம் தோண்ட வந்த சீனர்கள் கன்பூசியஸுக்குக் கட்டிய கோயில், பின்னால் பள்ளிக்கூடம், ஞாயிறு பின்னேரங்களில் யாரும் போய்ப் பார்க்கலாம். எங்கட சரஸ்வதிக்குத்தான் இண்டைக்கு லீவு, சீனாக்காரரின்ர சாமிக்கு லீவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லியோங் என்ற கிழவர். மெல்பேர்ணில் பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்தவர். உள்ளே சிலை ஏதும் இல்லை. சிவப்புப் பலகைகளில் பொன் எழுத்தில் ஞானியின் பெயரும் சீடர்களின் பெயர்களும் மட்டும். பின்னறையைத் திறந்துவிட்டு, படித்த முறையையும் லியோங் சொன்னார். மாணவன் புத்தகத்தை வாத்தியாரின் மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். பிழை விட்டால் மூங்கில் தடி. நல்ல மாணவன் வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. எங்கே வேண்டுமானாலும் இருந்து படிக்கலாம், அந்த மேசையில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊதுபத்தி கொளுத்த முன்மண்டபத்துக்குப் போனார். இலவசமாக இடம் தருபவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதுபோலத் தேவராஜாவும் தலையாட்டினார்.

ஆனால் மாணவர் இருக்கும் நீள வாங்குகள் கிடந்த பக்கம் இருட்டு. அறையின் ஒரே ஜன்னலுக்குக் கீழே இருந்தது அந்த மேசைதான். மைக்கல்லைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

முகத்தின் நரம்புகள். அவரை இரண்டு முறையும் கவிழ்த்த பாடம். ஊரில் படித்ததுபோலச் சத்தம் போட்டே படித்தார். மழை ஓட்டில் இரைந்து, பீலியில் வழிந்து, முற்றத்துத் தகரவாளியில் விழுந்துகொண்டிருந்தது; முன்மண்டபத்து ஊதுபத்திப் புகை கதவிடுக்கால் நுழைந்து தரையோடு தரையாக வாங்குகளுக்குக் கீழே ஊர்ந்தது; பழைய மரத்தின் புளிப்பு வாடைக்கு மேலே அந்தக் கற்பூர மணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவர் ஒரு வரியைப் படித்து நிறுத்தும்போதெல்லாம், அந்த வரியின் வால் அறைக்குள் இன்னும் சற்று நேரம் கேட்டது. எதிரொலி என்று வைத்துக்கொண்டார். சின்ன அறை. எதிரொலிக்கும் அளவுக்கு அது பெரிதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பாடமாகிவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கள்ளக்கண் போடாமல் இருக்க, புத்தகத்துக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லிப் பார்ப்பார். அன்றைக்கும் அப்படியே திரும்பி நின்றார்.

"டெம்பொரல். சைகொமற்றிக். பக்கல்..."

முதுகுக்குப் பின்னால் பக்கமொன்று புரண்டது.

காற்று என்று நினைத்தார். ஜன்னல் பூட்டியிருந்தது. தொடர்ந்து சொன்னார். ஓரிடத்தில் நாக்குத் தடுக்கிப் பிழையாக ஒரு பெயர் வந்தது. டக். மரத்தில் மரம் தட்டிய சத்தம், மெதுவாக, மிக அருகில். திருத்திச் சொன்னார். சத்தம் இல்லை.

தேவராஜா விஞ்ஞானம் படித்தவர். பரிசோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். முதலிலிருந்து தொடங்கி, வேண்டுமென்றே ஒரு நரம்பை விழுங்கினார்.

டக்.

மேசைக்குப் பின்னால் கதிரை முனகுவது கேட்டது, அதில் இருப்பவர் முன்னால் சாய்வதுபோல. பிடரியில் ஒரு குளிர் மூச்சுப் பட்டது. கற்பூர மூச்சு. ஓடலாம், கதவு ஐந்தாறு எட்டில்தான். ஆனால் புத்தகம் அந்த மேசையில். நாளைக்குச் சோதனை. அதை விட்டுவிட்டு ஓடினால் நாளைக்கும் வண்டில், நாளையன்றைக்கும் வண்டில். அவருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட வந்தது. பிரம்படிக்குப் பயந்து பாடம் சொன்ன வயதெல்லாம் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டுகிறவர்போலக் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அதிகாரம் முழுவதையும் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு கிளை. ஒவ்வொரு தசை. புருவம் உயர்த்துவது எது, இமை மூடுவது எது, சிரிக்க வைப்பது எது. பின்னால் பக்கங்கள் ஒழுங்காகப் புரண்டன. தடி தட்டவில்லை. ஒரு தடவைகூட.

முடிந்தது.

மழையும் நின்றிருந்தது. வாளியில் சொட்டவில்லை. இருட்டில் கிடந்த வாங்குகளில் யாரோ பலர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல ஒரு அமைதி. நல்ல மாணவன் முகத்தைப் பார்க்கமாட்டான். தேவராஜா நல்ல மாணவனாக இருக்க அங்கே வரவில்லை.

"சரி மாஸ்டர்," என்றார். "நான் சொல்லிப்போட்டன். இப்ப நீங்கள் அங்கால திரும்புங்கோ. நான் கேக்கிறன்."

பட்டு உரசும் சத்தம். கதிரை முனகியது. யாரோ திரும்புகிறார்கள்.

தேவராஜாவும் திரும்பினார்.

கருநீல அங்கி. நரைத்த ஒற்றைப் பின்னல். முதுகு. சொன்னபடி திரும்பித்தான் இருந்தது. அவருக்கு ஒரு கணம் வென்ற மகிழ்ச்சிகூட உண்டானது. முகத்தைப் பார்த்தே தீருவதென்று மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.

முதுகு. அதே பின்னல்.

இன்னும் சுற்றினார்.

முதுகு.

வாங்குகளைப் பார்த்தார். நிறைந்திருந்தன. சின்ன முதுகுகள். வரிசையாக. இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும். அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்.

"எனக்குப் பயமில்லை," என்றார்.

சத்தம் வரவில்லை. வாயைத் திறந்ததாக நினைத்தார். திறக்க எதுவும் இல்லை.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினார். கண்ணாடி இல்லை. மூக்கு இல்லை. மை பட்ட விரல் தடவிப் பார்த்தது.

மயிர். பிடரி மயிர். நன்றாக வாரியது.

டொக்டர் தேவராஜா அந்தச் சோதனையில் பாஸ் பண்ணினார். கிளென் வேவர்லியில் அவருடைய கிளினிக் வாசலில் தொங்கும் படத்தில் கண்ணாடி, மூக்கு, மீசை எல்லாம் முன்பக்கத்தில்தான் இருக்கின்றன. நேரில் அவருடைய முகத்தைப் பார்த்ததாக நோயாளிகள் ஒருவரும் சொன்னதில்லை.