விலை சொல்லும் வேகம்

அந்த வருடம் சிவகாசியில் ஞானவடிவின் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்களைவிட, விலை மட்டும் கேட்டுப் போக வந்தவர்களே அதிகம். காலையிலேயே வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். உள்ளே மை வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து மயக்கமாக மிதக்கும். வந்தவர்கள் விலைக்கணிப்பான் இயந்திரத்தின் முன் நின்று இரண்டு பெயர்களை மெல்லச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

கணிப்பான் ஒன்றும் தெய்வமல்ல. விலை சொல்வதற்கு முன் வேலை முழுவதையும் அது தன் மூளைக்குள் ஒருமுறை அச்சடித்துப் பார்க்கும். எத்தனை தாள் வீணாகும், மை காய எவ்வளவு நேரம் பிடிக்கும், பெயர்களுக்கு எவ்வளவு பொன்தாள் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கனவோட்டத்தில் தெரிந்துவிடும். கணக்குப் பிசகாது, நேரம்தான் இழுக்கும். அதற்குள் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்து, பக்கத்து அச்சகத்தில் முன்பணமும் கொடுத்துவிடுவார்.

ஞானவடிவு அப்பா விட்டுப்போன அச்சகத்தைத் தனியாளாக நிமிர்த்தியவள். அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தை மறந்து நாற்பதைத் தொட்டவள். வாடிக்கையாளர் நழுவுவதைப் பொறுக்க முடியாமல் அவள் கணிப்பானின் அமைப்பை மாற்றினாள். அச்சு இயந்திரங்கள் சும்மா இருக்கும்போது, இனி வரக்கூடிய வேலைகளைக் கணிப்பான் முன்கூட்டியே கனவு கண்டு வைக்க வேண்டும். யார் யாருடன் கடைக்கு வருகிறார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை வரவேற்பறைக் கேமராக் கண்வழியே பார்த்து அது ஜோடிகளை ஊகித்துக்கொண்டது. கனவில் வந்த ஜோடி என்றால் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் விலை வந்து விழும். வராத ஜோடிக்குப் பழையபடி இழுக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? சட்டென்று விலை வந்த ஒரு ஜோடிக்குக் கல்யாணம் கூடியது. இழுத்த ஒரு ஜோடி பிரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் தின்றவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா? கோயிலில் பூப்போட்டுச் சகுனம் கேட்டவர்களெல்லாம் இங்கே விலை கேட்க வந்தார்கள்.

"அக்கா, மூணு மூச்சு விட்டாச்சு, இன்னும் இழுக்குது. வேணாம்னு சொல்லுதா?" என்று ஒரு பெண் கலங்கினாள்.

"அது கணக்குப் போடுது தாயி. வேற ஒண்ணுமில்ல," என்றாள் ஞானவடிவு.

"எல்லாம் கணக்குதான்க்கா," என்று பெருமூச்சு விட்டுப் போனாள் அவள்.

ஒரு மழை மாலையில் ஆட்களெல்லாம் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இயந்திரங்கள் சும்மா கிடக்க, கணிப்பான் மெல்ல முனகிக் கனவு கண்டுகொண்டிருந்தது. திரையில் பொன்னெழுத்துப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேகம்போல் நகர்ந்தன. நடுவே ஒரு பத்திரிகையில் ஞானவடிவு என்றும் சேர்மராஜ் என்றும் இருந்தது.

சேர்மராஜ் மை கொண்டுவந்து போடுகிறவர். வாரம் ஒருமுறை வந்தால் போதும். மூன்று முறை வருவார். மஞ்சள் மை தீர்ந்திருக்காது. அவளும் தீர்ந்துவிட்டதாகவே சொல்வாள். இருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. கணிப்பான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் அந்தப் பத்திரிகையை நெடுநேரம் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. பிறகு, வேலையாட்கள் பார்த்துவிட்டால் என்னாவது என்று வெட்கம் வந்து, தன் பெயரை இனிக் கனவில் சேர்க்கக் கூடாது என்று அமைப்பை மாற்றினாள்.

அடுத்த வாரம் முழுக்க சேர்மராஜ் வரவில்லை. வந்த அன்று, மை டப்பாக்களை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"இனிமே இந்த லைனுக்கு வேற ஆள் வருவாருங்க. நான் கோயமுத்தூர் பக்கம் மாத்தல் கேட்டு வாங்கிட்டேன்."

"ஏன்? திடீர்னு என்ன?"

அவர் கணிப்பானைப் பார்த்தார். "போன தடவை வந்தப்ப நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. நம்ம ரெண்டு பேரையும் சொல்லிப் பாத்தேன். தப்புன்னா மன்னிச்சிருங்க. இழுத்துச்சு, இழுத்துச்சு, விலையே வரல. கெளம்பிட்டேன்."

"அய்யோ, கனவுல இருந்து என் பேரை நான்தான் எடுத்துவிட்டேன். அதான் இழுத்துருக்கு!"

"நீங்களே எடுத்தீங்களா?" அவர் குரல் இறங்கியது. "ஏங்க?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வெட்கத்தைச் சொல்வதா, மஞ்சள் மையைச் சொல்வதா, அந்த மழை மாலையைச் சொல்வதா? தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத வாய் அவ்வளவு லேசில் திறக்கவில்லை. முதல் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றாள்.

சேர்மராஜ் காத்திருந்தார். விலை கேட்க வரிசையில் நின்றவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இந்த ஊரில் ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார்களோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்.

"பரவால்லைங்க," என்றார் அவர். "புரிஞ்சிருச்சு."

அவர் படியிறங்கித் தெரு முனையில் திரும்பிவிட்டார். ஞானவடிவின் உதடுகள் அப்போதுதான் அசைந்தன. வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் சொன்னாள்:

"பாத்தியா? இவ்வளவு இழுத்தா எப்படிக் கூடும்?"