துணி சுற்றிய பாட்டில்கள்

தையல்காரர் வீட்டுக் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. மறுநாள் வாலுவின் தம்பியும் வாந்தி எடுத்துத் துவண்டான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால்தான் அந்தச் சிறுமிக்கு வாலு என்று பட்டப்பெயர். அன்று வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் அறிவியல் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவரவர் தெருக்குழாய்த் தண்ணீரை, உள்ளே மருந்து வைத்த சோதனைப் பாட்டிலில் பிடித்து வைக்க வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் பாட்டில் கறுத்துவிடும். பிழையில்லாமல் சோதிப்பவருக்குப் பரிசு; அதுவும் ஒன்றுதான். அதனால் எல்லோரும் மற்றவர் பார்க்காதபடி பாட்டிலைத் துணியால் சுற்றி, அடைகாக்கும் கோழி மாதிரி காவல் காத்தார்கள்.

வாலுவின் பாட்டில் கறுத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு குழாய் ரிப்பேர்காரரிடம் ஓடினாள்.

"எங்கேயோ குழாய் உடைஞ்சிருக்கும்மா. ஆனா எங்கேன்னு தெரியாம ஊரையே தோண்ட முடியுமா? எல்லாரும் காய்ச்சிக் குடிங்க" என்றார் அவர்.

வாலு பள்ளிக்குத் திரும்பினாள். தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் எல்லாத் தெருக்களையும் வரைந்தாள். தன் தெருவில் பாட்டிலை வைத்துப் பக்கத்தில் எழுதினாள்: 'மூடும்போது என் விரல் உள்ளே பட்டுவிட்டது. விரல் அழுக்காலும் கறுத்திருக்கலாம். யாராவது எங்கள் குழாயில் மறுபடி பிடித்துப் பாருங்கள்.'

கண்ணாடி போட்டதால் 'கண்ணாடி' என்றே பெயர் பெற்ற வகுப்பின் முதல் மாணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "செஞ்ச தப்பையும் எழுதி வெச்சிருக்கே! உனக்குப் பரிசு கிடைச்ச மாதிரிதான்."

"பரிசை நீயே வெச்சுக்கோ. என் தம்பி கண்ணே திறக்கலைடா."

கண்ணாடி சிரிப்பை நிறுத்தினான். அன்று மாலையே அவள் தெருக்குழாயில் புதிய பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். மறுநாள் அதுவும் கறுத்திருந்தது. அவளுடைய பாட்டில் பக்கத்தில் அதை வைத்தான். பிறகு தன் பாட்டிலின் துணியையும் அவிழ்த்தான்.

"என்னோடது தெளிவாத்தான் இருக்கு. இது உனக்கு உதவாதே?"

"ஏன் உதவாது? தண்ணி உங்க தெருவைத் தாண்டித்தான் எங்களுக்கு வருது. அப்போ உடைஞ்சது நடுவுலதான்!"

ஒவ்வொருவராகத் துணியை அவிழ்த்தார்கள். தரை பாட்டில்களால் நிரம்பியது. தண்ணீர் வரும் வழியில் சாக்கடைப் பாலத்துக்கு முன்னால் இருந்த தெருக்களில் எல்லாம் தெளிவு. பாலத்தைத் தாண்டிய தெருக்களில் எல்லாம் கறுப்பு.

ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். பாலத்துக்கு அடியில், சாக்கடைக்குள்ளேயே குழாய் பிளந்து கிடந்தது.

அன்று தையல்காரரும் பள்ளிக்கு வந்து, பாட்டில்கள் நிரம்பிய தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தத் துணியை எல்லாம் முன்னாடியே அவிழ்த்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாலு அழுதுவிட்டாள்.

தம்பி எலும்பும் தோலுமாக வீடு திரும்பினான். புதுக்குழாய் போட்ட பிறகு, எல்லோரும் மறுபடி சோதித்தார்கள். இந்த முறை ஒருவரும் துணி கொண்டுவரவில்லை.

கடைசியாகத் தையல்காரர் ஒரு பாட்டிலோடு வந்தார். சாக்பீஸ் தெருக்களில் தன் வீடு இருக்கும் இடத்தைக் கேட்டார். வாலு விரலால் காட்டினாள். அவர் குனிந்து பாட்டிலை அங்கே வைத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது.