நிலாமாடத்து நாற்பத்திரண்டு படிகள்

ஓர் இளவரசியின் உயிருக்கு என்ன விலை சொல்வீர்கள், அன்பான வாசகர்களே? முத்து, பவளம், ஏழு மரக்கலம் கர்ப்பூரம் என்று அடுக்க வேண்டாம். நெடுங்கரைக் கோட்டையில் அதன் விலை நாற்பத்திரண்டு படிகள். ஈராண்டுக்கு முன் ஒருத்தி அதை முழுதாகக் கொடுத்துத் தீர்த்தாள். இன்று அவள் தங்கையின் முறை.

வெள்ளாற்றின் மேல் அந்தி சிவந்து, சாம்பல் பூத்து, கீழ்வானில் முழுமதி எழுந்துகொண்டிருந்த வேளை. நிலாமாடத்துக்குச் சுழன்று ஏறும் கற்படிகளில், பன்னிரண்டாம் படியில், இருபத்தாறு வயது இளவரசி சோமளை சுவரைப் பற்றி நின்றாள். அவள் விட்ட மூச்சு மேலே போய், வளைந்த சுவர்களில் மோதி, வேறு யாரோ விட்ட மூச்சாகத் திரும்பி வந்தது.

"கேட்டாயா, பூதி? அக்காள்!"

தோழி பூதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூத்தவள் அருமொழிநங்கையும் இதே படியில் இப்படித்தான் நின்றாள். "பயமுறுத்தாதீர்கள், தேவி! எல்லைக்குப் போன படைத்தலைவர் திரும்பட்டும், இந்தப் பெருமூச்செல்லாம் இருந்த இடம் தெரியாமல் போகும்."

அந்த அரண்மனையில் இளம்பெண் முகம் வெளுத்தால் காதல்; உறங்காவிட்டால் பிரிவு; உண்ணாவிட்டால் ஏக்கம். மருந்தும் ஒன்றுதான்: நிலாமாடத்தில் வாழைக் குருத்து விரித்து, சந்தனம் பூசி, நிலவில் கிடத்துவது. அதை விதித்தவர் அரண்மனை வைத்தியர் கூத்தனார்.

படியடியில் கர்ப்பூரக் கூடையோடு நின்ற வணிகப்பெண் சாத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவு கொடிமரத்து உச்சியைத் தொடுமுன், நாணலுக்குள் காத்திருக்கும் தோணியில் அவள் ஏறியாக வேண்டும். கர்ப்பூரத்துக்கு அடியில் கோட்டை வாயில்களின் வரைபடம் இருந்தது. ஆம், உளவுகாரிதான்! ஆயினும், இளவரசியின் நெற்றியில் அரும்பிய வியர்வையைக் கண்டவளின் கால்கள் வாயிலுக்குப் போகாமல் படியேறின. தொட்டாள், நெற்றி பனியாய்க் குளிர்ந்திருந்தது.

"நெஞ்சில் வலியா, தேவி?"

"இல்லை. தாடையில், பல்வலி போல. முதுகில் யாரோ கைவைத்து அழுத்துவது போல. அக்காளின் கையோ என்றுகூட நினைத்தேன். வயிற்றையும் புரட்டுகிறது."

"படைத்தலைவரை நினைக்கும்போது வருமா, படியேறும்போது வருமா?"

வலியிலும் சோமளைக்குச் சிரிப்பு வந்தது. "அவரை நாள் முழுதும்தான் நினைக்கிறேன். வலி ஏறும்போதுதான் வரும். ஒரு மாதமாக இப்படி. பூக்கூடை தூக்கினாலே சோர்ந்துவிடுகிறேன். உட்கார்ந்தால் விட்டுவிடும். இன்று விடவில்லை."

"காதலுக்குப் படிகளை எண்ணத் தெரியாது, தேவி. எண்ணுவது இதயம். உட்காருங்கள். இனி ஒரு படிகூட ஏறக் கூடாது."

மேலிருந்து இறங்கி வந்த கூத்தனார் சீறினார். "இதயநோயா! அது தொந்தி பெருத்த கிழவர்களுக்கு வருவது, கொடியிடைப் பெண்ணுக்கா? கர்ப்பூரம் விற்க வந்தவள் கர்ப்பூரத்தை விற்றுவிட்டுப் போ! ஏறுங்கள் தேவி, சந்தனம் காய்கிறது."

சோமளை எழ முயன்றாள். சாளரத்தில் நிலவு கொடிமரத்தை நெருங்கியிருந்தது. வாய்மூடி இறங்கிவிட்டால் சாத்தி தப்பலாம். கர்ப்பூரக்காரியின் சொல் இங்கே செல்லாது. எந்தச் சொல் செல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும். இடுப்பிலிருந்து தந்தையின் முத்திரை மோதிரத்தை எடுத்து நீட்டினாள்.

"நான் வடகரைப் பாசறை மருத்துவர் சேந்தனாரின் மகள். உங்கள் பகைவரின் உளவுகாரி; கூடையில் உங்கள் கோட்டை வாயில்களின் வரைபடம் இருக்கிறது. காவலரை அழையுங்கள், ஐயா. அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள்: மூத்தவருக்கும் தாடை வலித்ததா?"

பகைவர் பக்கமானாலும் சேந்தனாரின் பெயரைக் கேட்டாலே மரியாதையாய் எழுந்து நிற்கும் வைத்தியர் அன்று அப்படியே படியில் அமர்ந்துவிட்டார்.

"வலித்தது. பல்லென்று நினைத்துக் கிராம்பு கொடுத்தேன். பிறகு நான்தான் மேலே அனுப்பினேன். நாற்பத்திரண்டும் ஏறினாள். பாடையில்தான் இறங்கினாள்."

அவரே கைத்தாங்கல் கொடுக்க, இளவரசியை ஒரு நாற்காலியில் இருத்தித் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். சாய்ந்தபடி உட்கார வைத்தார்கள். சாத்தியின் விரல்கள் அவள் நாடியை விடவில்லை. வெகுநேரம் கழித்து முதுகில் அழுத்திய கை மெல்ல விலகியதாகச் சோமளை சொன்னாள். நாடி மட்டும் தடுக்கித் தடுக்கியே நடந்தது.

"கண்டம் தாண்டவில்லை, ஐயா. பல நாள் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு கணமும் தனியே விடாதீர்கள்."

"வரைபடத்தை வைத்துவிட்டுப் போ, சாத்தி," என்றாள் சோமளை கண்மூடியபடி.

"எட்டு வாயில்கள், தேவி. ஒன்றையாவது எடுத்துப் போகிறேனே?"

"என் உயிர் ஒன்றுதான். அதற்கே நீ நிறைய எடுத்துக்கொண்டாய், என் அச்சத்தையெல்லாம்."

சாத்தி சிரித்து, வரைபடத்தை விளக்குச் சுடரில் காட்டி எரித்தாள். நிலவு கொடிமரத்தைக் கடந்துவிட்டிருந்தது. ஆனாலும் தோணி காத்திருந்தது. நீர்வாயிலைத் தம் கையாலேயே திறந்துவிட்டார் கூத்தனார்.

திரும்பி வந்தவர் பன்னிரண்டாம் படியில் நின்றார். மாடத்தில் எவருமில்லை. ஆயினும் மேலிருந்து மூச்சிரைக்கும் ஓசை இறங்கி வந்தது. ஓலையில் எழுதினார்:

'சோமளை: ஏறியது பன்னிரண்டு, ஏறாமல் மீந்தது முப்பது. அருமொழிநங்கை: ஏறியது நாற்பத்திரண்டு, மீந்தது ஒன்றுமில்லை. அந்த நாற்பத்திரண்டும் என் பேரில் பாக்கி.'