ஒட்டிப்போன கோழிப் பக்கம்

"சித்தி, நான் ஒட்டல. சத்தியமா நான் இல்ல."

கதவைத் திறந்த சித்தியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்த படப் புத்தகங்களை மேசையில் கொட்டினேன்.

சனிக்கிழமைதோறும் நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளுக்கு மிருகக் கதைகள் வாசிப்பவள் நான். முகமூடி செய்வதற்கான பசை டப்பாவும் என் பொறுப்பில்தான். இன்று ஒரு பாப்பா கோழிப் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. தேடினால் இன்னும் மூன்று புத்தகங்கள்.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கோ. இல்லன்னா இனிமே கதை சொல்ல வராத" என்று நூலகர் சொல்லிவிட்டார். அதுவும் போனால் என் வாரத்தில் மிச்சமிருப்பது வெறும் பள்ளிக்கூடம்தான்.

பொய்யாக நஷ்டஈடு கேட்பவர்களைப் பிடிப்பது சித்தியின் உத்தியோகம். அவசரமே படமாட்டார். அதையும் சேர்த்துச் சித்தப்பா படுவார்.

"புலியப் பார்த்து ஏதோ பிள்ளை பயந்திருக்கு. அதோட அப்பன் வேலைதான் இது. எழுதியே தரேன்!" என்றார் சித்தப்பா.

"நீங்க எழுதித் தந்ததெல்லாம் அலமாரி நிறைய இருக்கு." சித்தி பக்கங்களைப் புரட்டினார். "புலி பல்லைக் காட்டிட்டு நல்லாத்தான் நிக்குது. முதலையும் அப்படியே. ஒட்டினதுல என்ன படம்டி?"

கதைகள் எனக்கு மனப்பாடம். "கோழி குஞ்சை இறக்கைக்குள்ள வச்சுக்கும். குரங்கு குட்டியத் தூக்கிட்டுத் தாவும். யானை, பூனை..." நகம் கடிப்பதை நிறுத்தினேன். "எல்லாமே அம்மாவும் குட்டியும், சித்தி."

"இப்ப இதைத் தொட்டுப் பாரு."

ஒட்டியதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் மெழுகு தேய்த்ததுபோல வழவழத்தன.

"பசை கசிஞ்சு மத்த பக்கத்துல ஒட்டக் கூடாதுன்னு மெழுகுத்தாள் வச்சு அழுத்தியிருக்காங்க. நாசம் பண்ண வந்தவன் மிச்சத்தக் காப்பாத்துவானா? இது பழகின கை. அங்க கிழிஞ்ச புத்தகத்தை ஒட்டித் தர்றது யாரு?"

"பைண்டர் அண்ணன்" என்றேன். ஜன்னலோரம் நின்றது அவர் மகள். அவள் அம்மா ரொம்ப நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அப்போதே கிளம்பினோம். பட்டறையில் சித்தி புத்தகத்தை நீட்டியதும் அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"கதைல அந்தப் படம் வந்த அன்னைக்கெல்லாம் பாப்பா அழுதுட்டே வரும். 'நம்ம அம்மா எப்ப வரும்'னு கேக்கும். எனக்கே தெரியாததை நான் என்னன்னு சொல்ல?" என் பக்கம் திரும்பினார். "உன் தலைல விழும்னு நினைக்கலம்மா. இப்பவே நூலகர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

மேசைக்கு அடியிலிருந்து பாப்பா வெளியே வந்தாள். புத்தகத்தைப் பிடுங்கி விளக்குக்கு நேரே தூக்கினாள்.

"அப்பா, கோழியம்மா எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. கதவு மட்டும் சாத்தியிருக்கு."

அண்ணன் அடுப்பில் தண்ணீர் வைத்தார். ஆவி வந்ததும் ஒட்டிய ஓரத்தை அதில் காட்டினார், கொஞ்சம் கொஞ்சமாக, கிழிந்துவிடாமல்.

பக்கம் திறந்தது.

"அக்கா, நீ வாசி" என்றாள் பாப்பா.

வாசித்தேன். பாப்பா அழுதாள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டார்.