இத்தனை புள்ளி வெள்ளை

ஃபேக்ஸில் வந்த முகத்தில் கண்கள் இல்லை. முகம், சிதம்பரத்தில் அன்று மதியம் செத்துப்போன சுப்புராயனுடையது. கதிரவனின் மனைவி சிந்துஜாவுக்குத் தாத்தா. கிடத்தியிருந்த கோலத்திலேயே படமெடுத்து, அஞ்சலி போஸ்டருக்காக மச்சான் அம்பலம் சாவு வீட்டிலிருந்தே அனுப்பியிருந்தான். சிந்துஜாவும் அங்கேதான் இருந்தாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலத்தில், மை நெடியும் ஈரக் காகித வாடையும் அடைத்துக் கிடந்த மஞ்சக்குப்பம் அச்சகத்தில் தனியாக நின்ற கதிரவன் இதற்கெல்லாம் பயப்படவில்லை. மெஷினுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. அனுப்புகிற மெஷின் வரிக்கு வரி இத்தனை புள்ளி வெள்ளை, இத்தனை புள்ளி கருப்பு என்று எண்ணிச் சொல்லும்; இந்தப் பக்கத்து மெஷின் அதை அப்படியே வரையும். மூடிய இமைகள் வெள்ளைக் கணக்கில் போயிருந்தன.

கண் மூடிய போஸ்டரை யார் ஒட்டுவார்கள்? பேனாவால் இரண்டு கண் வரைந்தான். கீழே, வழக்கம்போல, துயருறும் உறவினர் படங்களை வரிசையாக ஒட்டினான். நடுவில் சிந்துஜா, செல்லப் பேத்தி. சரிபார்க்க அம்பலத்துக்கே ஃபேக்ஸில் அனுப்பினான்.

போன் அடித்தது.

“மச்சான், படத்துல கண்ணத் தொறந்தியா?”

“ஆமா. நல்லாருக்குதா?”

“இங்கயும் தொறந்துட்டாரு.”

கதிரவன் சிரித்தான். அம்பலம் சிரிக்கவில்லை.

“வாய்க்கட்டு கட்டியிருக்கறதால ஒண்ணும் பேசல. சிந்துஜா கையப் புடிச்சிருக்காரு. உடமாட்டேங்கறாரு. எலும்பு நெறியற சத்தம் கேக்குது மச்சான். நீ வரைஞ்சத அழி.”

பின்னால் சிந்துஜாவின் அலறல்.

ஒயிட்னரைக் கண்களில் அப்பினான். காயவில்லை. ஊதினான். காயவில்லை. அலறல் நிற்கவில்லை. ஈரத்தோடு தாளைச் செருகினான்.

போய்ச் சேர்ந்ததற்கு ரிப்போர்ட் வந்தது. அதில் தாளின் சின்ன நகல். கிழவரின் இரண்டு கண்ணும் அழிந்திருந்தன. வலது கண்ணிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை நேராகக் கீழே இறங்கியிருந்தது.

மெஷினுக்குள்ளே, தாளைப் படிக்கும் கண்ணாடியில் ஒயிட்னர் ஒட்டியிருக்கிறது. தாள்தான் நகரும். கண்ணாடி நகராது. அதற்குக் கீழே வந்ததெல்லாம் வெள்ளை.

கன்னம். தாடை. வரிசையின் நடுப்படத்தில் முகம்.

“மூடிட்டாரு மச்சான்,” என்றான் அம்பலம். “கையயும் உட்டுட்டாரு.”

“சிந்துஜாகிட்ட குடு.”

உரசல். மூச்சு இல்லை. வழவழப்பான எதன்மீதோ ரிசீவர் வழுக்கும் சத்தம்.

“குடுத்துட்டேன் மச்சான்.” அம்பலத்தின் குரல் தள்ளியிருந்து வந்தது. “எங்க வச்சிப் பேசறதுன்னு தடவிக்கிட்டிருக்கா.”